பிரசவ நேரத்தில் குழந்தையின் கார்பன் டை ஆக்சைடு: அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

லேபர் வார்டுக்கு வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்களிடம் கேட்டால், "குழந்தைக்கு ஆக்சிஜன் குறையுதுன்னு மெஷின்ல காட்டிச்சாம், அதான் உடனே ஆபரேஷன் பண்ணிட்டாங்க" என்பார்கள். அந்த மெஷின் ஆக்சிஜனை அளப்பதே இல்லை. கார்பன் டை ஆக்சைடையும் அளப்பதில்லை. தாயின் வயிற்றில் கட்டும் இரண்டு பட்டைகளில் ஒன்று குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கிறது, இன்னொன்று கர்ப்பப்பை எப்போது இறுகுகிறது, எப்போது தளர்கிறது என்று பார்க்கிறது. சி.டி.ஜி. என்று சொல்வது இவ்வளவுதான். குழந்தைக்குள் ஆக்சிஜன் எப்படி இருக்கிறது, கார்பன் டை ஆக்சைடு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கோடுகளைப் பார்த்து மருத்துவர் செய்யும் ஊகம். படித்த, பழகிய ஊகம், ஆனாலும் ஊகம்.

அப்படியென்றால் உடனே ஒரு கேள்வி வரும். ஊகம் எதற்கு, குழந்தையின் கார்பன் டை ஆக்சைடை நேரடியாகவே அளந்துவிடலாமே? அளக்க முடியும். அளந்தும் பார்த்திருக்கிறார்கள், 1980களில் பிரசவம் நடக்கும்போதே குழந்தையின் தலைத்தோலில் சென்சார் ஒட்டித் தொடர்ச்சியாக அளந்த ஆய்வுகள் வந்தன. ஆனாலும் இன்று எந்த நாட்டிலும் அது வழக்கமான பிரசவ முறையில் இல்லை. ஏன் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள, "துல்லியம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகும் விஷயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கருவி சரியாக அளக்கிறதா என்பது ஒன்று. அது அளக்கும் இடம் குழந்தையின் மொத்த உடம்பைப் பற்றிப் பேசுகிறதா என்பது வேறு. அந்த எண்ணுக்கும் குழந்தைக்கு வரக்கூடிய பாதிப்புக்கும் சம்பந்தம் உண்டா என்பது முற்றிலும் வேறு. என்னைக் கேட்டால் கடைசிக் கேள்விதான் பெரியது. கருவியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

## மூச்சு விடாத குழந்தையின் கார்பன் டை ஆக்சைடு எங்கே போகிறது

வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. ஆனால் அதன் ஒவ்வொரு செல்லும் சர்க்கரையை எரித்துக்கொண்டுதான் இருக்கிறது, எரித்தால் கார்பன் டை ஆக்சைடு வரத்தான் செய்யும். அந்த வாயு குழந்தையின் இரத்தத்தில் கலந்து, தொப்புள்கொடியில் உள்ள இரண்டு தமனிகள் வழியாக நஞ்சுக்கொடிக்குப் போய், அங்கே தாயின் இரத்தத்துக்குள் கசிந்து, கடைசியில் தாயின் மூச்சில் வெளியேறுகிறது.

பழைய விறகடுப்புச் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது, புகை புகைபோக்கி வழியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. குழந்தையின் உடம்பு அடுப்பு என்றால், தொப்புள்கொடியும் நஞ்சுக்கொடியும் சேர்ந்து புகைபோக்கி. புகை என்பது கார்பன் டை ஆக்சைடு.

இந்தப் புகைபோக்கி நன்றாக இழுப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு வாயு அதிகமாக இருக்கும் பக்கத்திலிருந்து குறைவாக இருக்கும் பக்கத்துக்குத்தான் போகும். சாதாரணமாக நம் தமனி இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 40 மில்லிமீட்டர் பாதரசம் அளவில் இருக்கும் (இரத்த அழுத்தத்தை அளக்கும் அதே அலகுதான், இனிமேல் வெறும் எண்ணை மட்டும் சொல்கிறேன்). கர்ப்பிணியிடம் அது 30, 32 வரை இறங்கிவிடுகிறது, ஏனென்றால் புரோஜெஸ்டிரான் ஹார்மோன் அவரைக் கூடுதலாக மூச்சு விட வைக்கிறது. "சும்மா உட்கார்ந்திருந்தாலே மூச்சு வாங்குது" என்று கர்ப்பிணிகள் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். குழந்தையிடமிருந்து நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தத்தில் அதே அளவு சுமார் 50. ஐம்பதிலிருந்து முப்பதை நோக்கி வாயு தானாகவே ஓடுகிறது. தவிர, கார்பன் டை ஆக்சைடு ஆக்சிஜனைவிட ஏறக்குறைய 20 மடங்கு எளிதாகத் திசுக்களைக் கடக்கும். அதனால் வழி திறந்திருக்கும்வரை அது தேங்குவதில்லை.

பிரசவ வலி வரும்போது கர்ப்பப்பை இறுகுகிறது, அதன் சுவருக்குள் ஓடும் தாயின் இரத்தக் குழாய்கள் அழுந்துகின்றன, நஞ்சுக்கொடிக்கு வரும் தாயின் இரத்தம் கொஞ்ச நேரம் குறைகிறது அல்லது நின்றேவிடுகிறது. சில குழந்தைகளுக்குத் தொப்புள்கொடியும் நசுங்கும். அதாவது ஒவ்வொரு வலியின்போதும் புகைபோக்கியை யாரோ ஒருவர் கையால் மூடுகிறார், வலி நின்றதும் எடுக்கிறார். இது அசாதாரணம் இல்லை. எல்லாப் பிரசவத்திலும் நடப்பது, ஆரோக்கியமான குழந்தை இதைத் தாங்கும்படிதான் அமைந்திருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: குழந்தையின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற நஞ்சுக்கொடி ஒன்றுதான் வழி, வலி வரும்போது அந்த வழி அடைபடும், வலி நின்றால் திறக்கும். ஆகவே பிரசவத்தின்போது இந்த அளவு நிலையாக இருக்கவே இருக்காது, ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

## புகை வேறு, கரி வேறு

கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்தால் ஒரு லேசான அமிலம் ஆகிறது. சோடாவில் இருக்கும் அந்தச் சுருக்கென்ற புளிப்பு அதுதான். இரத்தத்திலும் அப்படியே. இரத்தம் எவ்வளவு அமிலமாக இருக்கிறது என்று சொல்லும் எண்ணைப் பிஎச் என்கிறோம். எண் குறையக் குறைய அமிலம் அதிகம். பெரியவர்களுக்கு 7.40 அளவில் இருக்கும். சாதாரணமாகப் பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடித் தமனியில் சுமார் 7.27. கார்பன் டை ஆக்சைடு திடீரென்று 10 கூடினால் பிஎச் சுமார் 0.08 இறங்கும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

வழி சில நிமிடங்கள் அடைபட்டால் புகை மண்டும், பிஎச் இறங்கும். திறந்தால் புகை மளமளவென்று போய்விடும், பிஎச்சும் ஏறிவிடும். பிறந்து நன்றாக அழுது மூச்சு விட ஆரம்பித்தால் சீக்கிரமே வெளியேறிவிடும்.

ஆனால் அடைப்பு நீண்டுகொண்டே போனால் கதை மாறுகிறது. வழி அடைபட்டால் புகை போகாது என்பது மட்டுமில்லை, புதுக் காற்றும் உள்ளே வராது. ஆக்சிஜன் இல்லாமல் எரியும் செல்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. விறகு காற்றில்லாமல் கனன்றால் சுவரெல்லாம் கரி படியுமே, அதுபோல. ஜன்னலைத் திறந்தால் புகை போகும், சுவரில் படிந்த கரி போகாது. அதைச் சுரண்டி எடுக்க நேரம் பிடிக்கும். குழந்தையின் உடம்பும் லாக்டிக் அமிலத்தை மெதுவாகத்தான் கரைத்து வெளியேற்றும்.

இந்தக் கரி எவ்வளவு படிந்திருக்கிறது என்பதைச் சொல்ல மருத்துவர்கள் காரப் பற்றாக்குறை என்ற எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். அமிலத்தைச் சமன்செய்ய இரத்தத்தில் இருக்க வேண்டிய காரப் பொருள் எவ்வளவு செலவாகிப் போயிருக்கிறது என்பதுதான் அது, ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று சொல்வார்கள். பிரசவத்தின்போது ஏற்பட்ட ஆக்சிஜன் குறைவுதான் பிற்காலத்து மூளைவாதத்துக்கு (செரிபிரல் பால்சி, மூளை பாதிப்பால் உடல் அசைவு சரியாக வராத நிலை) காரணமா என்று ஆராய 1999இல் ஒரு சர்வதேச நிபுணர் குழு வரையறை வகுத்தது. அதில் பிஎச் 7.00க்குக் கீழே, காரப் பற்றாக்குறை 12 அல்லது அதற்கு மேல் என்பது கட்டாய நிபந்தனைகளில் ஒன்று. கார்பன் டை ஆக்சைடு இத்தனைக்கு மேல் இருந்தால் என்று ஒரு எல்லையை அதில் வைக்கவில்லை.

ஒரு கணக்குப் போட்டால் இது பளிச்சென்று விளங்கும். இரண்டு குழந்தைகள், இரண்டுக்கும் பிஎச் 7.05 என்று வைத்துக்கொள்வோம். முதல் குழந்தைக்குக் கார்பன் டை ஆக்சைடு 85. சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் காரப் பற்றாக்குறை சுமார் 7 வருகிறது. இரண்டாவது குழந்தைக்குக் கார்பன் டை ஆக்சைடு 55, கிட்டத்தட்டச் சாதாரணம். ஆனால் காரப் பற்றாக்குறை 15க்கு மேல். கார்பன் டை ஆக்சைடு எண்ணை மட்டும் காட்டினால் நாம் எல்லோரும் முதல் குழந்தைக்காகத்தான் பதறுவோம். உண்மையில் அதிகக் கவலைப்பட வேண்டியது இரண்டாவது குழந்தைக்கு. முதலாவது, கடைசி நேரத்தில் கொடி நசுங்கிப் புகை மண்டிய குழந்தை. இரண்டாவது, வெகுநேரமாகக் காற்றில்லாமல் கனன்ற குழந்தை.

அதற்காகக் கார்பன் டை ஆக்சைடு எண்ணே தேவையில்லை என்று தூக்கிப் போட்டுவிட முடியாது. பிஎச் மட்டும் கையில் இருந்தால் இந்த இரண்டு குழந்தைகளும் ஒன்றுபோலத்தான் தெரியும். பிஎச்சையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து வைத்தால்தான் பிரித்துப் பார்க்க முடிகிறது. காரப் பற்றாக்குறையை எந்தக் கருவியும் நேரடியாக அளப்பதில்லை, இந்த இரண்டு எண்களிலிருந்துதான் கணக்கிடுகிறது.

சுருக்கமாக: கார்பன் டை ஆக்சைடு கூடினால் அமிலமும் கூடும், ஆனால் அது சீக்கிரம் சரியாகிவிடும் வகை. ஆக்சிஜன் இல்லாமல் சேரும் அமிலம்தான் ஆபத்தானது. கார்பன் டை ஆக்சைடு எண் தனியாக எதையும் முடிவு செய்யாது, பிஎச்சுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் பேசும்.

## ஒரு சொட்டு இரத்தத்தில் அளப்பது

1960களின் தொடக்கத்தில் பெர்லினில் எரிச் சாலிங் என்ற மகப்பேறு மருத்துவர் ஒரு துணிச்சலான வேலையைச் செய்தார். பனிக்குடம் உடைந்து கர்ப்பப்பை வாய் ஓரளவு திறந்த பிறகு, ஒரு குழாயை உள்ளே செலுத்தி, குழந்தையின் தலைத்தோலில் சின்னதாகக் கீறி, வரும் இரத்தச் சொட்டை மெல்லிய கண்ணாடிக் குழாயில் உறிஞ்சிப் பரிசோதித்தார். பிறக்காத குழந்தையின் இரத்தம் முதன்முதலாகக் கைக்குக் கிடைத்தது. பிஎச் 7.25 அல்லது அதற்கு மேல் என்றால் பொறுக்கலாம், 7.20 அல்லது அதற்குக் கீழ் என்றால் குழந்தையைச் சீக்கிரம் வெளியே எடுக்க வேண்டும், இடையில் இருந்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற எல்லைகள் இந்த முறையோடு வந்தவைதான்.

இதில் வரும் தவறுகள் பெரும்பாலும் கருவியின் தவறுகள் இல்லை, கையின் தவறுகள். குழாயில் ஒரு காற்றுக் குமிழி புகுந்தால் போதும், வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம்தான் என்பதால் இரத்தத்திலிருந்து வாயு அந்தக் குமிழிக்குள் ஓடிவிடும், எண் உண்மையைவிடக் குறைவாக வரும். பனிக்குட நீர் கலந்தாலும் கெடும். இரத்தம் பாதியில் உறைந்துவிட்டால் திரும்ப முதலிலிருந்து. வலிக்கு நடுவே எடுத்ததா, வலி நின்று நிதானமான பிறகு எடுத்ததா என்பதைப் பொறுத்தும் மாறும். எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் கிடைப்பது அந்த ஒரு நிமிடத்தின் கணக்கு மட்டும்தான். அடுத்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று தெரிய இன்னொரு கீறல் வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி வந்த கதை பிரசவத்தோடு சம்பந்தப்பட்டது இல்லை, ஆனால் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ கொத்துக்கொத்தாகப் பரவியது. மூச்சுத்தசை செயலிழந்த நோயாளிகளின் இரத்தத்தில் கரைந்திருந்த மொத்தக் கார்பன் டை ஆக்சைடு மிக அதிகமாக வந்தது. பிஎச் கையில் இல்லாததால் மருத்துவர்கள் அதைக் காரம் கூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். பியோர்ன் இப்சென் என்ற மயக்க மருந்து நிபுணர்தான், இல்லை, இவர்களால் மூச்சை வெளியே தள்ள முடியாமல் வாயு தேங்கிக்கிடக்கிறது என்றார். அப்புறம் மருத்துவ மாணவர்கள் இரவு பகலாக மாறி மாறிக் கையால் பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு எப்படி ஏமாறலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டோவ் 1954இல் கார்பன் டை ஆக்சைடை நேரடியாக அளக்கும் மின்முனையை உருவாக்கியதற்கும் போலியோ நோயாளிகள்தான் காரணம். ஜான் செவரிங்ஹவுஸ் அதைச் செப்பனிட்டு நம்பகமாக்கினார்.

## தோல் மேல் ஒட்டி அளப்பது

அந்த மின்முனைக்கு அடிப்படை எளிது. வாயு மட்டும் ஊடுருவக்கூடிய ஒரு மெல்லிய சவ்வு, அதற்குப் பின்னால் கொஞ்சம் பைகார்பனேட் கரைசல், அதற்குள் பிஎச்சை அளக்கும் கண்ணாடி முனை. கார்பன் டை ஆக்சைடு சவ்வைத் தாண்டி உள்ளே வந்தால் கரைசல் கொஞ்சம் அமிலமாகும், எவ்வளவு அமிலமானது என்பதை வைத்து எவ்வளவு வாயு வந்தது என்று கணக்கிடலாம்.

இதையே தோல்மேல் ஒட்டினால் இரத்தம் எடுக்காமல் தொடர்ச்சியாக அளக்கலாம். தோலுக்கடியில் இரத்தம் தாராளமாக ஓட வேண்டும் என்பதற்காகச் சென்சார் 42 முதல் 44 டிகிரி வரை சூடேற்றப்படும். சூடேற்றினால் இரண்டு விஷயம் நடக்கும்: சூடான இரத்தத்தில் வாயுவின் அழுத்தம் கூடும், சூடான தோல் செல்களும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடை உண்டாக்கும். அதனால் நேராக வரும் எண் இரத்தத்தில் உள்ளதைவிடக் கணிசமாக அதிகம். 44 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூடக் கூடுதலாக இருக்கும். கருவி அதைக் கணக்கில் எடுத்துத் திருத்திக் காட்டுகிறது. ஆக, திரையில் தெரிவது அளந்த எண் இல்லை, திருத்திய எண்.

இந்தத் திருத்தம் வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், வென்டிலேட்டரில் இருக்கும் பிஞ்சுகளின் நெஞ்சிலோ வயிற்றிலோ இந்தச் சென்சாரை ஒட்டி இன்றும் பயன்படுத்துகிறார்கள். அடிக்கடி ஊசி போட்டு இரத்தம் எடுக்க வேண்டியதில்லை. தோல் மெலிது, காய்ந்திருக்கிறது, யாரும் அழுத்தவில்லை, சில மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றலாம், சந்தேகம் வந்தால் ஒரு இரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அதே கருவி, அதே சவ்வு, பிரசவத்தின்போது குழந்தையின் தலையில் ஒட்டினால்? இங்கேதான் எல்லாம் சிக்கலாகிறது.

முடி இருக்கும். பிசுபிசுப்பான வெண்ணிறப் படலம் இருக்கும். பனிக்குட நீரும் இரத்தமும் சேர்ந்து எல்லாம் வழுக்கும். சென்சாரைப் பசை போட்டோ உறிஞ்சுவளையம் வைத்தோ பிடித்து வைக்க வேண்டும், கொஞ்சம் தூக்கிக்கொண்டால் வாயு கசியும், எண் விழுந்துவிடும். இதுகூடப் பரவாயில்லை, திடீரென்று விழுந்தால் சென்சார் கழன்றுவிட்டது என்று தெரிந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால்தான் தொல்லை, குழந்தை தேறிவருகிறது என்று நினைக்க வைத்துவிடும்.

அடுத்து, எதிர்ப்பக்கமாக இழுக்கும் ஒரு பிழை. பிரசவம் முன்னேறும்போது குழந்தையின் தலை கர்ப்பப்பை வாயிலும் இடுப்பெலும்பிலும் அழுந்திக்கொண்டிருக்கிறது. தலைத்தோலில் நீர் கோத்து வீங்கும், பிறந்த குழந்தையின் தலை ஒரு பக்கம் மேடாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். அழுந்திய, வீங்கிய தோலில் இரத்த ஓட்டம் குறையும். அந்தத் துளி இடத்தில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு அங்கேயே தேங்கும். சென்சார் அதை நேர்மையாக அளந்து காட்டும். ஆனால் குழந்தையின் இதயத்திலும் மூளையிலும் ஓடும் இரத்தத்தில் அந்த அளவு இருக்காது. சமையலறையின் ஒரு மூலையில், அலமாரிக்குப் பின்னால் புகைமானியை வைத்துவிட்டு வீடே புகைகிறது என்று சொல்வதைப் போன்றது இது. வலி பலமாக வரும்போது, அதாவது நமக்கு எண் மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில்தான், இந்தப் பிழையும் பெரிதாகிறது.

நேரத் தாமதமும் இருக்கிறது. தோலைத் தாண்டி, சவ்வைத் தாண்டி, கரைசல் சமநிலைக்கு வர ஒரு நிமிடம் அளவுக்கு ஆகும். ஒரு வலி நீடிப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். எனவே சென்சார் காட்டும் ஏற்ற இறக்கம் உண்மையான ஏற்ற இறக்கத்தின் மழுங்கிய நிழல். போதாக்குறைக்கு, ஒட்டுவதற்கு முன் தெரிந்த அளவு கார்பன் டை ஆக்சைடு உள்ள வாயுவைக் காட்டிக் கருவியைச் சரிபார்ப்பார்கள், ஆனால் உள்ளே ஒட்டிய பிறகு அதைச் செய்ய வழியில்லை. நேரம் ஆக ஆகக் கருவி மெல்ல விலகிப்போனால், விலகுவது குழந்தையா கருவியா என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆக: கருவி தன் சவ்வுக்கடியில் இருப்பதைச் சரியாகவே அளக்கிறது. சவ்வுக்கடியில் இருப்பது குழந்தையின் மொத்த நிலையைச் சொல்கிறதா என்பதில்தான் ஓட்டை.

## எவ்வளவு சரியாக இருந்தால் போதும்?

இந்த மாதிரிக் கருவிகளைப் பற்றிய அறிக்கைகளில் "இரத்தப் பரிசோதனையோடு நல்ல தொடர்பு இருந்தது" என்று ஒரு வரி வரும். படித்ததும் திருப்தியாக இருக்கும். கொஞ்சம் பொறுங்கள். மூன்று குழந்தைகளுக்கு இரத்தத்தில் 45, 55, 65 இருக்கும்போது சென்சார் 60, 70, 80 காட்டினால், இரண்டுக்கும் இடையே தொடர்பு நூற்றுக்கு நூறு. ஒன்று ஏறினால் மற்றதும் அதே அளவு ஏறுகிறது. ஆனால் ஒவ்வொரு எண்ணும் 15 தள்ளி நிற்கிறது. தொடர்பு இருப்பதும் ஒத்துப்போவதும் ஒன்றல்ல. 1986இல் பிளாண்ட், ஆல்ட்மன் என்ற இரண்டு ஆங்கிலேயப் புள்ளியியலாளர்கள் இதைத் தெளிவாக எழுதினார்கள். இரண்டு அளவு முறைகளை ஒப்பிட வேண்டுமென்றால் வித்தியாசங்களைக் கணக்கெடுங்கள், சராசரி வித்தியாசம் எவ்வளவு, ஒவ்வொரு குழந்தைக்கும் அது எவ்வளவு சிதறுகிறது என்று பாருங்கள் என்றார்கள்.

சராசரி மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம். ஒரு குழந்தைக்கு 12 கூடுதல், இன்னொன்றுக்கு 12 குறைவு என்றால் சராசரிப் பிழை பூஜ்யம்! அறிக்கையில் அழகாக இருக்கும், அந்த இரண்டு தாய்மாருக்கும் உதவாது.

சரி, எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம்? மேலே சொன்ன தோராயக் கணக்கை எடுங்கள். கார்பன் டை ஆக்சைடில் 10 மாறினால் பிஎச்சில் 0.08. பொறுக்கலாம் என்ற 7.25க்கும், எடுத்துவிடலாம் என்ற 7.20க்கும் இடைவெளி வெறும் 0.05. அதாவது கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய 6 மாறினாலே ஒரு முடிவிலிருந்து எதிர் முடிவுக்குப் போய்விடுகிறோம். முடியும் நீரும் வீக்கமும் உள்ள தலைத்தோலில், மணிக்கணக்கில் ஒட்டியிருக்கும் சூடான சென்சாரிடம் ஆறுக்குள் பிழை இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசைதான்.

## சரியாக அளந்தாலும் பலன் கிடைக்குமா

கருவி எல்லாவற்றையும் தாண்டிச் சரியாக வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். குழந்தைகள் நலமாகப் பிறப்பார்களா, தேவையில்லாத சிசேரியன் குறையுமா? இந்தக் கேள்விக்குக் கார்பன் டை ஆக்சைடு சென்சாரிடமிருந்து பதில் வரவில்லை, ஆனால் அதன் உறவுக்காரக் கருவி ஒன்றிடமிருந்து வந்தது. கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் விரலில் மாட்டிப் பார்த்தோமே ஆக்சிமீட்டர், அதன் ஒரு வடிவத்தைப் பிறக்காத குழந்தையின் கன்னத்தில் படும்படி வைத்து ஆக்சிஜனை அளந்தார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2000இல் அதற்கு நிபந்தனையோடு அனுமதி தந்தது. பிறகு 5,341 பெண்களிடம் பெரிய ஆய்வு நடந்தது, எல்லோருக்கும் சென்சார் வைக்கப்பட்டது, பாதிப் பேருக்கு மட்டும் மருத்துவர்கள் அந்த எண்ணைப் பார்க்க முடிந்தது. 2006இல் வந்த முடிவு: எண்ணைப் பார்த்ததால் சிசேரியன் குறையவும் இல்லை, குழந்தைகளின் நிலை மேம்படவும் இல்லை. கருவி சந்தையிலிருந்து போய்விட்டது.

நம் பழைய சி.டி.ஜி.யும் இந்த விஷயத்தில் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. 37,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட 13 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில், அவ்வப்போது காதால் இதயத்துடிப்பைக் கேட்பதைவிடத் தொடர்ச்சியான சி.டி.ஜி. பிறந்த குழந்தைக்கு வரும் வலிப்பைப் பாதியாகக் குறைத்தது, அது நிஜமான நன்மை. ஆனால் மூளைவாதமோ இறப்போ குறைந்ததாகத் தெரியவில்லை, சிசேரியன் அறுபது சதவீதம்போலக் கூடியது. தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். இதற்குப் பல காரணங்கள் உண்டு, எல்லாவற்றையும் மெஷின் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் மெஷின் கோடு கொஞ்சம் கோணினால் என்ன செய்வது என்ற பயத்துக்கு அதில் ஒரு பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கோடுகள் சரியில்லை என்றால் தாய்க்கு ஆக்சிஜன் மாஸ்க் போடுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். தாயின் ஆக்சிஜன் சாதாரணமாக இருக்கும்போது அப்படி வழக்கமாகக் கொடுப்பதால் குழந்தைக்குப் பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. கார்பன் டை ஆக்சைடை அது வெளியேற்றவும் செய்யாது. அடைப்பு இருப்பது புகைபோக்கியில். தாயை ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வைப்பது, வலியைத் தூண்டும் டிரிப்பைக் குறைப்பது அல்லது நிறுத்துவது, இரத்த அழுத்தம் இறங்கியிருந்தால் சரிசெய்வது, இவைதான் வழியைத் திறக்கும் வேலைகள். பத்து நிமிடத்தில் ஐந்து வலிக்கு மேல் வந்தால் டிரிப்பைக் கவனிக்கச் சொல்வது இதனால்தான்: இரண்டு வலிகளுக்கு நடுவே புகை வெளியேற நேரம் வேண்டும்.

## பிறந்த பிறகு வரும் ரிப்போர்ட்

கார்பன் டை ஆக்சைடை நம்பகமாக அளக்க முடிகிற தருணம் ஒன்று இருக்கிறது: குழந்தை வெளியே வந்த உடனே. தொப்புள்கொடியில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டுப் பிரித்துவிட்டால், அதற்குள் இருக்கும் இரத்தத்தின் எண்கள் அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் வரைக்கும் பெரிதாக மாறுவதில்லை. அவசரமில்லாமல், நெருக்கடி இல்லாமல் எடுக்கலாம். பிரசவத்தின் கடைசிக் கட்டத்தில் குழந்தை எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. முடிவெடுக்கத்தான் காலம் கடந்துவிட்டது.

இந்த ரிப்போர்ட் உங்கள் கைக்கு வந்தால், கொடித் தமனி என்று எழுதியிருக்கும் வரியை முதலில் பாருங்கள். குழந்தையிடமிருந்து வரும் இரத்தம் அதுதான். கொடிச் சிரையில் இருப்பது நஞ்சுக்கொடியில் சுத்தமாகித் திரும்பும் இரத்தம், அது எப்போதும் கொஞ்சம் நன்றாகவே இருக்கும். அங்கே பிஎச் சுமார் 7.34, கார்பன் டை ஆக்சைடு 40 பக்கம். தமனி மெல்லியது, சிரை தடித்தது, ஊசி தவறுதலாகச் சிரையில் போய்விடுவது சகஜம். இரண்டு மாதிரிகளுக்கும் பிஎச் வித்தியாசம் 0.02 கூட இல்லை என்றால் இரண்டும் ஒரே குழாயிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம், அதை வைத்துக் குழந்தை நன்றாக இருந்தது என்றும் சொல்ல முடியாது, மோசமாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. வித்தியாசம் ஒழுங்காக இருந்தால் பிஎச், கார்பன் டை ஆக்சைடு, காரப் பற்றாக்குறை என்று மூன்றையும் ஒரே வரிசையில் படியுங்கள். கார்பன் டை ஆக்சைடு 70, 80 என்று மிரட்டினாலும் காரப் பற்றாக்குறை ஒற்றை இலக்கத்தில் இருந்து, குழந்தையும் அழுது, பால் குடித்துக்கொண்டிருந்தால், மருத்துவர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அலட்டிக்கொள்ளாமல் ஃபைலை மூடுவார். அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.